காப்புரிமை வேண்டாம் என்ற பொறியாளர்: லாரன்ஸ் ஹார்கிரேவ்

விமானத்தின் வரலாற்றை எழுதுபவர்களில் பலர் 1903 டிசம்பர் 17ஆம் நாளில் தொடங்கி, வட கரோலினாவின் மணற்பரப்பில் ரைட் சகோதரர்கள் பறந்த அந்தப் பன்னிரண்டு நொடிகளை விரிவாகச் சொல்லிவிட்டு, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை ஒரே பத்தியில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு பத்தியில் இரண்டு மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வரும். அவற்றுள் ஒன்று லாரன்ஸ் ஹார்கிரேவ். 'பெட்டிப் பட்டத்தைக் கண்டுபிடித்தவர்' என்ற ஓர் அடைமொழியோடு அவர் கதை முடிந்துவிடும். அந்த அடைமொழி உண்மைதான். ஆனால் அந்தப் பட்டத்தை அவர் என்ன செய்தார் என்பதைவிட, என்ன செய்ய மறுத்தார் என்பதே பல ஆண்டுகளாக என்னை அவரிடம் இழுத்துக்கொண்டிருக்கிறது. தாம் கண்டுபிடித்த எதற்கும் அவர் காப்புரிமை பெறவில்லை. பெறாமல் விட்டது மறதியாலோ பணமின்மையாலோ அன்று. அது அவர் யோசித்து எடுத்த முடிவு.

1893இல் சிகாகோவில் வான்பயணம் குறித்த பன்னாட்டு மாநாடு ஒன்று நடந்தது. அதற்கு ஹார்கிரேவ் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கட்டுரையை அனுப்பிவைத்தார். உழைப்பின் பயனைத் தமக்குள்ளேயே மறைத்து வைத்துக்கொண்டால் பெருஞ்செல்வம் சேரும் என்ற எண்ணத்தை இத்துறையில் உழைப்பவர்கள் வேரோடு களைய வேண்டும் என்றும், காப்புரிமைக்குக் கட்டும் தொகை வீண்செலவு என்றும், பறக்கும் இயந்திரம் முழு வளர்ச்சியோடு ஒரே நாளில் பிறந்துவிடாது, படிப்படியாகத்தான் உருவாகும் என்றும் அவர் வாதிட்டார். ஆகவே எப்படியாவது பறக்கக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டால், அதன் முழு விவரத்தையும் பிறருக்கு உதவும்படி வெளியிட்டுவிட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கடைசிவரை அவர் அந்தச் சொல்லை மீறவில்லை.

ஹார்கிரேவ் 1850 ஜனவரியில் இங்கிலாந்தின் கிரீனிச்சில் பிறந்தார். அவருடைய தந்தை பின்னாளில் நியூ சவுத் வேல்ஸின் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். மகனையும் வழக்கறிஞராக்க எண்ணியிருந்தார். 1865இல் சிட்னிக்கு வந்து சேர்ந்த மகனோ படிப்பில் சோபிக்காமல், நீராவிக் கப்பல் நிறுவனம் ஒன்றின் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். உலோகத்தைக் கையால் வேலை செய்யும் திறமை அங்கேதான் அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் அவர் உருவாக்கிய எந்த மாதிரியையும் வெளியே கொடுத்துச் செய்யச் சொல்லாமல், தகரம் வெட்டுவது முதல் வால்வு கடைவது வரை தாமே செய்ததற்கு இந்தப் பட்டறை வாழ்க்கைதான் காரணம். அது அவருடைய பலம். பின்னர் அதுவே அவருடைய எல்லையாகவும் ஆயிற்று.

இருபதுகளில் அவர் ஒரு சாகசக்காரராகவே இருந்தார். 1872இல் பொன் தேடி நியூ கினிக்குப் புறப்பட்ட 'மரியா' என்ற கப்பலில் சென்றார். குயின்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் பவளத்திட்டில் மோதி அது மூழ்கியபோது உடன் சென்றவர்களில் பலர் இறந்தார்கள், இவர் பிழைத்தார். அதற்குப் பிறகும் நியூ கினி ஆசை விடவில்லை. 1876இல் இத்தாலிய ஆய்வாளர் டால்பெர்டிஸ், ஃப்ளை ஆற்றில் நெடுந்தொலைவு உள்ளே சென்றபோது, அந்தச் சிறு நீராவிப் படகின் பொறியாளர் ஹார்கிரேவ்தான். திரும்பிவந்து, 1878இல் மணம் செய்துகொண்டு, சிட்னி வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1883இல் அந்த வேலையையும் விட்டார். குடும்பச் சொத்திலிருந்து வந்த வருமானம் வாழ்க்கை நடத்தப் போதுமானதாக இருந்தது. முப்பத்து மூன்று வயதில், பறக்கும் இயந்திரத்தைத் தவிர வேறு வேலை வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுப்பது அந்தக் காலத்தில் ஏளனத்துக்கு உரிய செயல். ஏளனமும் தாராளமாகவே கிடைத்தது. காப்புரிமை வேண்டாம் என்று சொல்லும் வசதியும் இந்த வருமானத்தால்தான் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், அவரைத் துறவியாக்கிவிடுவோம். அவர் துறவியல்லர்; பிழைப்புக் கவலை இல்லாத ஆய்வாளர்.

முதலில் அவர் இயற்கையைப் பார்த்தார். மீன், பாம்பு, கடலலை ஆகியவற்றின் அசைவுகளில் பொதுவாக ஒரு வளைவு இருப்பதைக் கவனித்து, அதே அசைவைச் சிறகுக்குக் கொடுத்தால் முன்னோக்கித் தள்ளும் விசை கிடைக்கும் என்ற கருத்தை 1884இல் நியூ சவுத் வேல்ஸ் ராயல் சங்கத்தில் முன்வைத்தார். இறுக்கி இழுத்த ரப்பர் நாடாக்களின் விசையால் சிறகடிக்கும் மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பறக்கவிட்டார். பின்னர் ரப்பருக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார். மாதிரியின் முதுகெலும்பாக இருந்த நீண்ட உலோகக் குழாயையே காற்றுத் தொட்டியாகவும் ஆக்கியது அவருடைய சிக்கனமான மூளைக்கு ஒரு சான்று. எடையைத் தாங்கும் உறுப்பே ஆற்றலையும் சேமித்து வைத்தது. இந்த வகை மாதிரிகளில் ஒன்று 300 அடிக்கு மேல் பறந்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் எண் கொடுத்து, அதன் எடை, பரப்பு, பறந்த தூரம் ஆகியவற்றை அளந்து, வரைபடங்களுடன் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். தோற்றுப்போனவற்றையும் அதே அக்கறையோடு வெளியிட்டார் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். பறக்க முயன்றவர்களில் பெரும்பாலோர் வெற்றியை மிகைப்படுத்தியும் தோல்வியை மறைத்தும் எழுதிய காலம் அது.

1889இல் அவர் செய்த ஒரு சிறு எஞ்சின் தனியே பேசப்பட வேண்டியது. வழக்கமான எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்க, அவற்றின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு சுழலும். ஹார்கிரேவ் இதைத் தலைகீழாக்கினார். வளைதண்டை அசையாமல் நிறுத்தி, அதைச் சுற்றி மூன்று சிலிண்டர்களும் அவற்றோடு பிணைந்த புரொப்பெல்லரும் சேர்ந்து சுழலும்படி அமைத்தார். அழுத்தப்பட்ட காற்றில் ஓடிய இந்தச் சிறு பொறியில், சுழற்சியைச் சீராக வைத்திருக்கும் கனமான சக்கரமான சமனுருளையின் வேலையையும் சுழலும் சிலிண்டர்களே செய்துவிட்டதால், அதற்கெனத் தனி எடையைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து பிரான்சில் செகுவான் சகோதரர்கள் உருவாக்கிய 'நோம்' எஞ்சின் இதே தத்துவத்தில் அமைந்தது; முதல் உலகப்போரின் வானத்தில் பறந்த ஏராளமான விமானங்களை இயக்கியது இந்த வகை எஞ்சின்தான். இதைக் கொண்டு 'ஹார்கிரேவின் கண்டுபிடிப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்' என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே காலத்தில் பிரான்சிலேயே ஃபெலிக்ஸ் மிலே என்பவர் சக்கரத்துக்குள் சுழலும் சிலிண்டர்களை வைத்து வண்டி செய்தார். ஒரே கேள்வி பல பட்டறைகளில் எழும்போது ஒரே விடை பல இடங்களில் முளைப்பது இயல்பு.

பெட்டிப் பட்டத்தின் கதை அப்படிப்பட்டதன்று. அது தெளிவாக அவருடையது. அவருடைய அண்ணன் விட்டுச்சென்ற வீடு ஒன்று சிட்னிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில், செங்குத்தான மலைச்சரிவுகளுக்கும் கடலுக்கும் இடையே ஸ்டான்வெல் பார்க்கில் இருந்தது. 1893இன் தொடக்கத்தில் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். கடலிலிருந்து தடையின்றி வீசும் காற்று பட்டம் விடுவதற்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. அதற்கு முன் உலகெங்கும் விடப்பட்ட பட்டங்கள் பெரும்பாலும் ஒற்றைப் பரப்பு உடையவை. வால் இல்லாமல் அவற்றில் பல நிலைகொள்ளா. ஹார்கிரேவ் பரப்பை இரண்டாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார், பக்கங்களையும் துணியால் மூடினார், அப்படி அமைந்த இரண்டு பெட்டிகளை முன்னும் பின்னுமாக இடைவெளி விட்டுக் குச்சிகளால் இணைத்தார்.

நானும் அவருடைய வரைபடம் ஒன்றைப் பார்த்து, மெல்லிய மரச்சட்டங்களையும் துணியையும் கொண்டு அப்படி ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறேன். கையில் முதலில் தெரிவது அதன் இழுப்பு. அடுத்துத் தெரிவது அதன் அமைதி. காற்று திடீரென்று வேகம் கூட்டினாலும் சாதாரணப் பட்டம்போல் அது தலையைச் சுழற்றிக்கொண்டு பாய்வதில்லை. காரணம் எளிதுதான். பக்கச் சுவர்கள் அது பக்கவாட்டில் திரும்பாமல் பார்த்துக்கொள்கின்றன. முன்பெட்டி காற்றில் எழும்பினால், தூரத்தில் இருக்கும் பின்பெட்டி அதை எதிர்த்து மீண்டும் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. மேல், கீழ்ப் பரப்புகளும் அவற்றை இணைக்கும் கால்களும் இழுகம்பிகளும் சேர்ந்து ஒரு பாலத்தின் சட்டகம்போல் நிற்பதால், மிகக் குறைந்த எடையில் மிகுந்த விறைப்பு கிடைக்கிறது. 1910 வரையிலான விமானங்களின் படங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த அமைப்பு உடனே அடையாளம் தெரியும்.

1894இல் அவர் ஜெர்மானிய முன்னோடி லிலியந்தாலின் வழியில், எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து மனிதரைச் சுமக்கும் கிளைடர்களையும் முயன்று பார்த்தார். அவற்றில் வெற்றி கிட்டவில்லை. அதன்பின் பட்டத்தையே நம்பினார். அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களை ஒரே கம்பியில் தொடராகக் கோத்து, கீழே தாம் அமர ஓர் ஊஞ்சல் இருக்கையைத் தொங்கவிட்டு, இழுவிசையை அளக்க ஒரு தராசையும், காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவியையும் உடன் எடுத்துக்கொண்டு அமர்ந்தார். உதவிக்கு நின்றவர் அந்த இடத்தின் காவலாளி ஜேம்ஸ் ஸ்வைன். மணிக்கு 21 மைல் வேகத்தில் வீசிய காற்றில் பட்டங்கள் அவரை நிலத்திலிருந்து 16 அடி உயரத்துக்குத் தூக்கின. பட்டங்களின் எடை உட்பட மொத்தச் சுமை 208 பவுண்டு. உயரம் பெரிதன்று, ஒரு வீட்டின் மாடி அளவுதான். ஆனால் அங்கே தொங்கிக்கொண்டும் அவர் அளவீடுகளைக் குறித்தார் என்பதுதான் இந்த மனிதரின் இயல்பைக் காட்டுகிறது. பின்னர் சங்கத்தில் அளித்த அறிக்கையில் அவர் தாம் பறந்ததைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒருவரே செய்து, ஒருவரே சுமந்துசென்று, விபத்தின் அச்சமின்றி மேலேறி இறங்கக்கூடிய ஓர் எளிய கருவி இனி எந்த ஆய்வாளருக்கும் கிடைக்கும் என்பதையே முக்கியமாகச் சொன்னார்.

கிடைக்கவும் செய்தது. காப்புரிமை இல்லாததால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓராண்டுக்குள் அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே இருந்த புளூ ஹில் வானிலை ஆய்வகம் வெப்பநிலையும் ஈரப்பதமும் பதியும் கருவிகளைப் பெட்டிப் பட்டத்தில் ஏற்றி அனுப்பத் தொடங்கியது. அமெரிக்க வானிலைத் துறை அதைத் தன் தேவைக்கு ஏற்பத் திருத்தி, பட்ட நிலையங்களையே நிறுவி, 1930களின் தொடக்கம்வரை பயன்படுத்தியது. சிகாகோவில் இருந்த பாலப் பொறியாளர் ஆக்டேவ் சனூட், ஹார்கிரேவோடு நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். வானில் பறப்பதில் வெற்றிபெறத் தகுதியுள்ளவர் ஒருவர் உண்டென்றால் அவர் ஹார்கிரேவ்தான் என்று 1894இலேயே அச்சில் எழுதினார். அந்தச் சனூட்தான் பின்னர் ரைட் சகோதரர்களுக்கு நெருங்கிய ஆலோசகரானார். இதனால் ரைட் விமானம் ஹார்கிரேவின் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. அதன் இரட்டைச் சிறகுச் சட்டகம் சனூட்டின் பால அறிவிலிருந்து வந்தது. அதைக் கட்டுப்படுத்தும் முறை முழுக்க ரைட்டுகளுடையது.

ஐரோப்பாவில்தான் கடன் வெளிப்படையாகத் தெரிகிறது. 1905இல் பிரெஞ்சு விமான முன்னோடி கப்ரியேல் வுவாசான் செய்து சேன் ஆற்றில் மோட்டார் படகால் இழுக்கப்பட்ட மிதவைக் கிளைடர் இரண்டு பெட்டிப் பட்டங்களை இணைத்ததே. 1906இல் பாரிஸின் பகத்தேல் திடலில் பிரேசில்காரரான சாண்டோஸ் துமோன் பறந்த விமானத்தின் சிறகுகளும் மூக்குப் பகுதியும் ஹார்கிரேவின் பெட்டிகளால் ஆனவை. அவர் 220 மீட்டர் பறந்து சாதனை படைத்த நாள் நவம்பர் 12. ஸ்டான்வெல் பார்க்கின் அந்த நாளுக்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. தற்செயல்தான், ஆனால் இனிமையான தற்செயல். 1910 மார்ச்சில் மாயவித்தைக்காரர் ஹூடினி ஆஸ்திரேலியாவின் டிகர்ஸ் ரெஸ்ட்டில் பறந்தது ஒரு வுவாசான் விமானத்தில். ஸ்டான்வெல் பார்க்கிலிருந்து புறப்பட்ட பெட்டி, பாரிஸைச் சுற்றிக்கொண்டு, எஞ்சினோடு ஆஸ்திரேலியாவுக்கே திரும்பி வந்திருந்தது.

இந்தக் கொடையில் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. ஹார்கிரேவின் பட்டம் தானாகவே நிலைகொள்வது. அதைக் கற்றுக்கொண்ட ஐரோப்பியர்கள் விமானமும் தானாக நிலைகொள்ள வேண்டும் என்று எண்ணினார்கள். வுவாசான் விமானத்தில் பக்கவாட்டில் சாய்க்கும் கட்டுப்பாடே கிடையாது. 1908 ஜனவரியில் ஹென்றி ஃபார்மன் அதில் ஒரு கிலோமீட்டர் சுற்றிவந்தபோது, சாயாமல், சுக்கானை மட்டும் நம்பி, அகன்று வழுக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வில்பர் ரைட் லு மான்ஸில் சிறகைச் சாய்த்து விரைந்து திரும்பிக் காட்டியபோதுதான் தாங்கள் எதைத் தவறவிட்டோம் என்பது அவர்களுக்குப் புரிந்தது. நூலில் கட்டிய பட்டத்துக்குத் திரும்பத் தெரிய வேண்டியதில்லை. கட்டறுத்த விமானத்துக்குத் திரும்பத் தெரியாவிட்டால் பயனில்லை. பட்டத்திலிருந்து தொடங்கிய ஹார்கிரேவின் பாதை இந்தக் கேள்வியை அவரிடம் எழுப்பவே இல்லை.

அவர் ஏன் தாமே விமானத்தில் பறக்கவில்லை என்பதற்கு விடை எஞ்சின்தான். சிறகு 1894இலேயே கைக்கு வந்துவிட்டது. அதை இழுத்துச் செல்லப் போதிய ஆற்றலும் குறைந்த எடையும் உள்ள எஞ்சின் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. நீராவியிலும் பெட்ரோலிலும் பல எஞ்சின்களைச் செய்து பார்த்தார். ஒன்று ஆவியை ஒழுகவிடும், மற்றொன்று எதிர்பார்த்த ஆற்றலைத் தராது. ரைட் சகோதரர்களுக்கு சார்லி டெய்லர் என்ற திறமையான மெக்கானிக் இருந்தார். அலுமினிய வார்ப்புச் செய்துதர அருகிலேயே ஆலை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் இருவர். ஹார்கிரேவோ எல்லாவற்றையும் தாமே செய்தார், அதுவும் அக்கால எஞ்சின் தொழில் வளர்ந்த நாடுகளிலிருந்து பல வாரக் கப்பல் பயணத்துக்கு அப்பால் இருந்துகொண்டு. ஒரு கேள்விக்கு விடை கடிதமாக வந்து சேர மாதங்கள் பிடித்தன. அவருடைய அறிவு உலகெங்கும் தடையின்றிச் சென்றது. உலகத்தின் திறமை அவருடைய பட்டறைக்கு வந்து சேரவில்லை. அறிவைத் திறந்துவைப்பதைப் பற்றி இன்று உற்சாகமாகப் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர் விட்டுக்கொடுத்ததை மற்றவர்களும் விட்டுக்கொடுத்தார்களா என்றால், இல்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த சாமுவேல் கோடி, ஹார்கிரேவின் பெட்டிப் பட்டத்துக்குப் பக்கச் சிறகுகளைச் சேர்த்து 1901இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் இராணுவம் அந்தப் பட்டங்களைப் போர்க்களக் கண்காணிப்புக்கு எடுத்துக்கொண்டது. கோடியின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிரிட்டனில் முதலில் விமானம் ஓட்டியவரும் அவர்தான். ஆனால் இலவசமாக வந்த அடித்தளத்தின்மேல் வேலி போடப்பட்டதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் ரைட்டுகள் 1906இல் பெற்ற காப்புரிமையைக் கொண்டு விமானம் செய்த கர்டிஸ் உள்ளிட்டோர்மீது தொடுத்த வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்தன. 1917இல் அந்நாடு போரில் இறங்கியபின், அரசின் அழுத்தத்தால் காப்புரிமைகளைப் பொதுவில் பகிரும் ஏற்பாடு உருவான பிறகே அங்கே சச்சரவு அடங்கியது. காப்புரிமைக் கட்டணம் வீண்செலவு என்று 1893இல் ஹார்கிரேவ் எழுதியது மிகையாகத் தோன்றலாம். வழக்கறிஞர்களின் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவ்வளவு மிகையில்லை.

பிற்காலத்தில் அவருடைய ஆர்வம் வேறு திசைகளிலும் ஓடியது. சிட்னித் துறைமுகத்துப் பாறைகளில் உள்ள செதுக்கல்களைப் பார்த்து, கேப்டன் குக் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஸ்பானியக் கப்பல்கள் அங்கே வந்து தங்கியிருந்தன என்று நம்பி, அதை நிறுவப் பல ஆண்டுகள் செலவிட்டார். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. பட்டத்தின் ஒவ்வொரு அளவையும் ஐயத்தோடு சோதித்தவர், பாறைக் கோடுகளை அவ்வளவு எளிதில் நம்பியது எனக்கு வியப்பே.

தம் மாதிரிகளை ஏதேனும் ஒரு அருங்காட்சியகம் ஏற்றுக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். சிட்னியிலும் பிற இடங்களிலும் செய்த முயற்சிகள் கூடிவராமல் போக, முன்வந்தது மியூனிக்கில் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த ஜெர்மன் அருங்காட்சியகம். 1910இல் மாதிரிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. நான்கே ஆண்டுகளில் போர் மூண்டபோது, அறிவை எதிரியிடம் கொடுத்துவிட்டவர் என்ற பழிச்சொல் அவர்மேல் விழுந்தது. கொடுக்க முன்வந்தபோது உள்ளூரில் இடம் கிடைக்கவில்லை என்பதைப் பழித்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. 1915 மே மாதம், எஞ்சின் வேலையில் தந்தைக்குத் துணைநின்ற ஒரே மகன் ஜெஃப்ரி துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் கொல்லப்பட்டார். இரண்டு மாதம் கழித்து ஜூலையில், குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட தொற்றால் ஹார்கிரேவும் இறந்தார். சிட்னியின் வேவர்லி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

1966இல் ஆஸ்திரேலியா தசம நாணயத்துக்கு மாறியபோது வெளியிட்ட 20 டாலர் தாளின் முன்பக்கத்தில் விமானி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தும், பின்பக்கத்தில் ஹார்கிரேவும் அவருடைய வரைபடங்களும் இடம்பெற்றார்கள். பறந்தவர் முன்னே, பறக்கும் வழியைச் செய்து கொடுத்தவர் பின்னே என்ற இந்த வரிசை யாருடைய யோசனையோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது. மியூனிக்குக்குச் சென்ற மாதிரிகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்தன. மிஞ்சியவை இருபத்தைந்து அளவே. அவை பின்னர் சிட்னி அருங்காட்சியகத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தன.